தூக்கக் கணக்கு

சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை. மனநலப் பிரிவின் வாசல் பெஞ்சு. மணி எட்டாகப் போகிறது. அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை; கத்தி பிடித்த இடம் இன்னும் காய்ப்புக் காய்த்திருக்கிறது. பக்கத்தில் மகன், கூலிம் தொழிற்சாலைச் சட்டையோடு.

"பூக்குல் பெராப்பா மாக்கான் ஊபாட், மச்சிக்?" மருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிறார் மிஸ்ஸி (தாதி).

"செமாலாம், பூக்குல் லாப்பான்." நேற்றிரவு எட்டு மணிக்கு; யோசிக்காமல் வருகிறது பதில்.

மகனுக்கு லித்தியம் மருந்து. அதைச் சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். அளவு இறங்கினால் நோய் தலைதூக்கும்; ஏறினால் கை நடுங்கும், வாந்தி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். 1949இல் லித்தியத்தின் பலனை எழுதிய ஜான் கேட், ஜப்பான்காரன் காலத்தில் சாங்கியில் கைதியாகக் கிடந்த ஆஸ்திரேலிய மருத்துவர். நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் போட அள்ளிக்கொண்டு போன அதே காலம்.

"தம்பிக்கு என்னக்கா?" பக்கத்துப் பெண் கேட்கிறார்.

"பைபோலார்." அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "மொதல்ல ஒண்ணும் புரியல. மூணு நாளு தூங்கல. விடிய விடிய பாட்டு, பேச்சு. கடன்ல ரெண்டு மோட்டார் எடுத்துட்டான். சாமி வந்துருக்குன்னாங்க, யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னாங்க. அப்புறம் படுத்தவன்தான், ரெண்டு மாசம் எழுந்திரிக்கல. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்துகிட்டு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வரல."

1911இல் திறந்த அந்த மனநல மருத்துவமனையின் பேரைச் சொல்லித் தோட்டத்தில் எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறோம்! இங்கே டவுனிலேயே வைத்தியம் இருக்க, அந்தப் பயத்தில் வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

அம்மா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். வீட்டுச் சுவர்க் காலண்டர். கட்டத்துக்குக் கட்டம் பேனா எழுத்து: 7, 7, 6, 8. மகன் தூங்கிய மணிக்கணக்கு. ஓரிடத்தில் 4 என்று எழுதிச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறது.

"அன்னிக்கு நைட் ஷிப்ட். மறுநாளே பேச்சு வேகமாயிருச்சு. ஒடனே இங்க வந்துட்டோம்."

தூக்கம் கெட்டால் இந்த நோய் கிளம்பும். தோட்டத்தில் கருக்கலில் எழுந்தாலும் தினமும் ஒரே நேரம். ஷிப்ட் வேலைக்கு அந்த ஒழுங்கு இல்லை.

மறுபடி மிஸ்ஸியிடம் போகிறார். தைப்பூச விரதத்துக்கு உப்பை விடலாமா? கூடாது. உப்பு குறைந்தாலும், வேர்த்துத் தண்ணீர் வற்றினாலும், லித்தியம் உடம்பில் தேங்கிவிடும்.

"அப்ப நீ சாப்புடு. ஒனக்கும் சேத்து நான் பால்குடம் எடுக்குறேன்." மகன் சிரிக்கிறான்.

டாக்டர் அறையிலிருந்து வரும்போது அம்மா கையில் ஒரு கடிதம்: பகல் வேலை மட்டும் கொடுக்கும்படி.

"நாளைக்கு நானே வந்து ஒங்க மேனேஜர்கிட்ட பேசுறேன்யா."

"வேணாம்மா. லெட்டர குடு. நான் பேசிக்கிறேன்."

ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்.

"கேட்டுட்டு ஒடனே போன் பண்ணு. சரி வா, மருந்து கவுண்டர்ல நம்பர் எடுக்கணும்."