கோ-3

திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வந்த ஆண்டு, வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியில் நடந்த தீவனப்பயிர் வயல்விளக்கத்திற்கு, அண்டைவீட்டு அம்மையாருக்குத் துணையாகச் சென்றேன். அவர் இரண்டு பசுக்களை வளர்ப்பவர். நிலமோ பத்து சென்ட், அதிலும் தென்னைகள். வைக்கோல் விலை ஏறியதால் ஒரு பசுவை விற்றுவிட எண்ணியிருந்தார்.

அலுவலர் நீண்ட உரை நிகழ்த்தவில்லை. ஒரு தண்டை எடுத்து, இரண்டு கணுக்கள் இருக்குமாறு நறுக்கினார். ஒரு கணு மண்ணுக்குள் மறையும்படி ஊன்றினார். கம்பையும் நேப்பியர் புல்லையும் இணைத்து உருவாக்கிய ஒட்டுப்புல் அது. முளைக்கும் விதை அதற்கு இல்லை, கரணையே விதை. 75 முதல் 80 நாள்களில் முதல் அறுவடை; பின்னர் ஏறத்தாழ 45 நாள்களுக்கு ஒருமுறை.

"தென்னைக்கு இடும் உரத்தை இது தின்றுவிடாதா?" என்று அம்மையார் கேட்டார்.

"தின்னும். சாணத்தை இதற்கும் இடுங்கள், வெயில் விழும் இடமாகப் பார்த்து நடுங்கள்" என்றார் அலுவலர். குறையை மறைக்காத அந்த விடையே அம்மையாருக்கு நம்பிக்கை தந்தது.

புல்லின் பெயர் கோ-3. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகையாதலால் அப்பெயர். 'கோ' என்னும் சொல்லுக்குப் பசு என்றும் பொருள் உண்டு. தமிழாசிரியர் மனம் அங்கே சற்று நின்றுவிட்டது!

ஈரச் சாக்கில் கரணைகளைச் சுற்றிக்கொண்டு பேருந்தில் திரும்பினோம். "சாரே, இது உங்கள் ஊர்ப் புல்லல்லவா?" என்றார் அம்மையார். இத்தகைய கேள்வி உங்களுக்கும் பழகியதாகவே இருக்கும்.

இரண்டு பசுக்களும் இன்றும் அவர் தொழுவத்தில் நிற்கின்றன. மழைக்காலம் தொடங்கினால், கரணை கேட்டு அக்கம்பக்கத்தார் வருகின்றனர்.