ருவான்வெல்ல வழக்கும் நீதிபதியின் மேசையும்

அரசியலமைப்புக்கு நீதிபதி பொருள் மட்டும் சொல்கிறாரா, பொருள் சொல்வதாகக் கூறிக்கொண்டு சட்டத்தையே ஆக்குகிறாரா என்ற கேள்வி சட்டக் கல்வியில் தத்துவப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் சட்டத்தொழில் புரிவோருக்கு அது கோடக்கன்பிள்ளை எதிர் முதனாயக்க என்னும் ஒரே வழக்கில் அடங்கிவிடும். இன்று அவ்வழக்கை மேடைப் பேச்சாளர் துரோகம் என்று ஒரு சொல்லில் முடிக்க, இளம் சட்டத்தரணியோ சட்டத்தில் இருந்ததைத்தானே நீதிபதிகள் சொன்னார்கள் என்று அதைவிடச் சுருக்கமாக முடிக்கிறார். இருவரும் தீர்ப்பை வாசித்தவர்களாகத் தெரியவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றவர்களுள் அடங்குவர். மறு ஆண்டு வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரும்கூடத் தம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமோ இங்கு பிறந்தவர்களென நிறுவினால்தான் வம்சாவழிப் பிரஜையாவார் என்றது. 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம் பிரஜையல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து விலக்கியது. பிறப்புப் பதிவையே முறையாகக் கண்டிராத லயன் அறைகளில் பூட்டனின் பிறப்பை எந்தக் கடதாசியைக் கொண்டு நிறுவுவது? ஆயினும் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஏனைய சமூகத்தவருக்கு இல்லாத கட்டுப்பாட்டை ஒரு சமூகத்தவர்மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றும், ஆக்கினால் அது மீறிய அளவுக்கு வெறிதாகும், அதாவது செல்லாது என்றும் கூறியது.

கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லத் தொகுதியின் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்க இந்தியத் தமிழரான கோடக்கன்பிள்ளை விண்ணப்பித்தபோது, இடாப்பைத் திருத்தும் அலுவலரான சிவஞானசுந்தரம் அவ்விரு சட்டங்களின் உரிய ஏற்பாடுகளும் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என முடிவு செய்தார். உயர் நீதிமன்றம், கீழ் அதிகாரியின் கட்டளையைத் தருவித்து இரத்துச் செய்யும் உறுதிகேள் எழுத்தாணையால், அம்முடிவை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கையில் அவற்றுக்கு வெளியே கிடப்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் நிலைப்பாடு. 1953இல் இலண்டன் கோமறைக் கழகம், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், முடிவை மாற்றாமல் வழியை மட்டும் மாற்றியது. ஆணைக்குழு அறிக்கைகளையும், சட்டமாக்கியோர் மனத்தில் இருந்திருக்கக்கூடிய நிலைமைகளையும் நீதிமன்றம் கவனத்திற் கொள்ளலாம் என்று அது கதவைத் திறந்தது. திறந்த கதவால் உள்ளே வந்தவை, இந்தியத் தமிழர் நிலையாகத் தங்காது வந்துபோகிறவர்கள் என்ற சித்திரமும், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழியைக் காட்டியிருக்கிறது என்ற ஆறுதலுமே. எந்த மக்களைப் பிரஜைகளாகக் கொள்வதென வரையறுப்பது எந்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என்றும், சட்டத்தின் சாரம் அதுவே, இனப்பாகுபாடு அன்று என்றும் தீர்ப்பு முடிந்தது. அந்த ஆறுதலின் பெறுமதி பின்னர் தெரிந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டும் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே.

நீதிபதி சட்டம் ஆக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. 29ஆம் பிரிவின் சொல் ஒன்றையும் எவரும் மாற்றவில்லை. மேசைக்கு எந்த விவரம் வரலாம், எது வரலாகாது என்ற தெரிவே வழக்கைத் தீர்த்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென எத்தனை கிலோ கழிப்பது என்று தராசில் எழுதியிருப்பதில்லை, கழிப்பவரே தீர்மானிக்கிறார். அதைத் தராசு சொன்ன நிறை என்று ஏற்கத் தோட்டத்துப் பெண்கள் ஒருபோதும் ஆயத்தமாக இருந்ததில்லை.

அதே கோமறைக் கழகம் 1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், தீர்ப்புக்கு அவசியமற்ற பக்கக் குறிப்பாக, 29(2)ஆம் பிரிவு இந்நாட்டு மக்களிடையே ஏற்பட்ட உரிமைச் சமநிலை என்றும் மாற்ற முடியாதது என்றும் சொல்லிவைத்தது. பதினொரு ஆண்டுகள் பிந்திய அந்தப் பெருந்தன்மையால் ஒரு பெயரும் இடாப்புக்குத் திரும்பவில்லை. 1965இல் லியனகே வழக்கில், அரசியலமைப்பில் எங்கும் வெளிப்படையாக எழுதப்படாத அதிகாரப் பிரிவினையை அதன் அமைப்பிலிருந்தே உய்த்துணர்ந்து, இராணுவச் சதி வழக்குக்கென ஆக்கப்பட்ட சட்டங்களை அது வெறிதாக்கியது. எழுதாததையும் வாசிக்க வல்ல அம்மன்றம் எழுதியிருந்த 29ஆம் பிரிவை ஏன் அவ்வளவு ஒடுக்கி வாசித்தது என்று கேட்பது நீதிமன்றத்தை அவமதிப்பதாகாது.

1972இல் அப்பிரிவே போயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை, சட்டமாகிவிட்ட எதன் செல்லுபடியையும் நீதிமன்றத்தில் வினவுவதைத் தடுப்பதால், சட்டமூலமாக, அதாவது பாராளுமன்றம் இன்னும் நிறைவேற்றாத வரைவாக, இருக்கும் சில நாட்களுக்குள்தான் உயர் நீதிமன்றத்தை நாட முடியும். ஆகவே மேசைக்கு வர வேண்டியவை முன்கூட்டியே திரட்டப்பட்டிருக்க வேண்டும்: தோட்டத்துச் செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவின் பிரதிகள், ஆணைக்குழு அறிக்கையின் உரிய பக்கம். முன்னைய தலைமுறைச் சட்டத்தரணிகள் இவற்றைத் தேடிக் கச்சேரிப் படிகளில் நாட்கணக்காகக் காத்திருந்தனர். இப்போதோ தீர்ப்பின் தலைக்குறிப்பை, அதாவது தொகுப்பாளர் எழுதும் சுருக்கத்தை, கைபேசியில் பார்ப்பதோடு வாசிப்பு முடிகிறது. பழைய மனுவின் பந்திகள் பெயர் மட்டும் மாறி மறுபடி தாக்கலாகின்றன. மனு தள்ளுபடியானதும், நீதிபதி ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார் என்று கட்சிக்காரரிடம் சொல்லப்படுகிறது.