உபகாரமா, உழைத்த கூலியா?

பென்ஷனுக்கு ‘உபகாரச் சம்பளம்’ என்று நம் முன்னோர் இட்ட பெயர் எனக்கு என்றுமே உவப்பளித்ததில்லை. இரயில் பாதையிலும் மராமத்து இலாகாவிலும் 30 ஆண்டு உழைத்தவனுக்குச் சர்க்கார் தருவது உபகாரமாம்! உழைத்த காலத்தில் முழுதும் தராது பின்னுக்கு நிறுத்தி வைத்த கூலியன்றோ அது?

மலேசிய அரசியல் சட்டத்தின் 147 ஆம் பிரிவு அதனை உரிமையாகவே கொள்கின்றது. ஓய்வூதியச் சட்டத்தைப் பின்னர் மாற்றினும், முன்பே உரிமை பெற்றவனுக்குப் பாதகமாக மாற்றலாகாது என்பது அதன் கருத்து. அங்ஙனமிருந்தும், பணியிலிருப்போர் சம்பளம் திருத்தப்படுங்கால் ஓய்வு பெற்றோர் தொகையும் திருத்தப்பட்டு வந்த முறையை 2013 ஆம் ஆண்டுத் திருத்தம் அகற்றி, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு உயர்வு என வரையறுத்தது. எங்கள் தெருவிலுள்ள பெரியவர்கள், “கொடுப்பதை வாங்கிக்கொள்வோம், தம்பி” என்றனர். உபகாரம் என்ற சொல் செய்த வேலை அது! அவ்வாறு அடங்கியிராத ஓய்வு பெற்றோர் சிலர் வழக்காடினர். 2023 ஜூன் 27 அன்று கூட்டரசு நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

ஆயின், 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நியமனம் பெறுவோருக்குப் பென்ஷனே இல்லை, ஊழியர் சேமநிதிதான். அப்பெரியவர்களுள் ஒருவருடைய பேரன் அவ்வகையில் வேலைக்கு அமர்ந்துள்ளான். பாட்டனாருக்கு அரணாய் நிற்கும் 147 ஆம் பிரிவு, அவனுக்குத் தராத பென்ஷனைத் தரச் செய்யாது.