பழைய வண்டியின் பயணம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்தது 1929-ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே அச்சமஸ்தானத்துச் சாலைகளில் மோட்டார் வண்டிகள் புழுதி கிளப்பி ஓடின. செல்வர்கள் மேனாட்டிலிருந்து தருவித்த அவ்வண்டிகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

அவற்றுள் ஒன்றைச் சென்னையில் கூடும் பழைய மோட்டார் வண்டிக் கழகத்தாரின் விழாவுக்கு ஓட்டிச் செல்வதென்றால், வழி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். லாரியில் ஏற்றிச் செல்வது எளிது. ஆனால் ஓடாத வண்டி விரைவில் கெடும். தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும், டயர்கள் வெடிப்புறும். தேய்ந்த உறுப்புக்கு மாற்று கடையில் கிடைப்பது அரிது. கடைசல் பட்டறையில் புதிதாய்ச் செய்தே பொருத்த வேண்டும். அங்ஙனம் பொருத்தப் பொருத்த வண்டியின் பழைமை குறையுமே என்று சிலர் தயங்குவர். அத்தயக்கத்திலேயே கொட்டகையில் துருவேறி மடிந்த வண்டிகளும் உண்டு.

இங்கிலாந்தாரோ பழைய வண்டியை ஓடவிட்டே போற்றுகின்றனர். மோட்டார் வண்டிகளின் வேக வரம்பைத் தளர்த்திய சட்டத்தைக் கொண்டாட, 1896-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் அணிவகுத்தன. அதன் நினைவாக 1927-இல் தொடங்கிய ஓட்டத்தில் 1905-க்கு முன் செய்த வண்டிகளே கலந்துகொள்ளும். முந்துவோருக்குப் பரிசில்லை. வழியில் நின்று, பழுது நீக்கி, புகை கக்கியேனும் மாலை 4.30 மணிக்குள் ஊர் சேரும் ஒவ்வொரு வண்டிக்கும் பதக்கம் உண்டு.