வியன்னாவில் ஒரு குவளைத் தண்ணீர்

வியன்னா நகரில் மூன்று நாட்கள் தங்கித் திரும்பினோம். அரண்மனை கண்டீரோ, இசையரங்கம் புகுந்தீரோ என்று நண்பர்கள் வினவுகின்றனர். கண்டோம், புகுந்தோம். ஆயினும் உள்ளத்தில் நிற்பவை அங்கே உண்டதும் பருகியதுமே. ஒரு நகரத்தை அறிய விரும்புவோருக்கு அதன் மாளிகையைவிட அதன் மேசை மிகுதியாகப் பேசும், தோழர்களே!

அங்கே காப்பி விடுதி என்பது தொண்டையில் ஊற்றிக்கொண்டு ஓடும் இடமன்று. பளிங்கு மேசை, மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்கள், 'மெலாஞ்ச்' எனும் நுரை ததும்பும் பால் காப்பி! ஒரு கோப்பை வாங்கியவர் அரைநாள் அமர்ந்து படித்தாலும், 'எழுந்திரும்' என்பாரில்லை. 'நீர் யார், எக்குலம்?' என்பாருமில்லை. இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்ட கண்கள் நம்முடையவை. ஆகவே, அந்த நாற்காலியில் சற்று நிமிர்ந்தே அமர்ந்தோம்.

காப்பியோடு கதையும் பரிமாறப்படுகிறது. 1683இல் நகரை முற்றுகையிட்ட துருக்கியர், தோற்றோடுகையில் மூட்டை மூட்டையாகக் காப்பிக் கொட்டையை விட்டுச் சென்றனராம். ஒட்டகத் தீவனமென்று மற்றவர் ஒதுக்க, கோல்ஷிட்ஸ்கி எனும் ஒற்றர் அதைப் பரிசாகப் பெற்று முதல் கடையைத் திறந்தாராம். அவருக்குச் சிலையும் உண்டு, பெயர் சூட்டிய தெருவும் உண்டு! ஆவணமோ வேறு பேசுகிறது. 1685இல் காப்பி விற்கும் உரிமை பெற்றவர் தியோதாத்தோ எனும் ஆர்மீனிய வணிகர். ஒற்றர் கதையோ நூறாண்டு கழித்து ஏட்டில் ஏறியது. சிலை இருப்பதால் கதை மெய்யாகிவிடுமா? நமக்குப் பழகிய கேள்விதான். அந்நாட்டு ஆய்வாளரே அதைக் கேட்டு, விடையும் கண்டனர்.

காப்பிக்குப் பக்கத்தில், கேளாமலே, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வருகிறது. நம்மைக் கவர்ந்தது அதுதான்! எங்கிருந்து வருகிறது இந்தத் தண்மை? நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஆல்ப்ஸ் மலைச் சுனைகளிலிருந்து! 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அந்நகர மக்கள் கழிவு கலந்த கிணற்று நீரைப் பருகி, டைபாய்டுக்கும் காலராவுக்கும் இரையாயினர். விதி என்று வாளாவிருக்கவில்லை எடுவர்ட் சூயஸ் எனும் நிலவியல் பேராசிரியர். நகரின் அடிமண்ணை ஆராய்ந்து 1862இல் நூலெழுதினார். நகர மன்றத்தில் புகுந்தார். மலைநீரைக் கொணர வாதிட்டார், வென்றார். 1873 அக்டோபரில் நீர் பாய்ந்தது, எந்திரம் இழுக்காமல், மேட்டிலிருந்து தன் எடையாலேயே! டைபாய்டுச் சாவுகள் சரிந்தன. 1910இல் இரண்டாவது குழாய்வழியும் வந்தது. அது தீர்த்தமன்று, ஒருவருக்கு உள்ளங்கையில், மற்றவருக்கு எட்டி நின்று என அளந்து ஊற்றுவாரில்லை. குழாயைத் திறந்தால், அமைச்சருக்கும் தெருக்கூட்டுபவருக்கும் அதே சுனைதான்.

தென்கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன என்று கருதி, அப்பெருநிலத்துக்குக் 'கோண்டுவானா' எனப் பெயரிட்டவரும் இதே சூயஸ்தான். கோண்டு மக்கள் பேசுவது திராவிட மொழியன்றோ! தண்ணீர்க் குவளைக்குள்ளும் உறவு தேடுகிறீரே என நகைப்பீர்கள், நகையுங்கள்.

ஒரு மாலை, புறநகரின் திராட்சைத் தோட்டக் கடைக்குச் சென்றோம். உழவர் தம் விளைபொருளைத் தாமே விற்கலாம் என, 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு இட்ட ஆணையால் தழைத்தவை அக்கடைகள். மதுவைத் தொடாது, திராட்சைச் சாறு பருகினோம். எவரும் முகஞ்சுளிக்கவில்லை.

இத்துணைப் புகழ்ந்தபின் இதையும் எழுதாவிடில் ஏமாற்றியவராவோம். அந்தக் காப்பி மேசைகளில் வாதிட்டு வளர்ந்த அறிஞருள் யூதர் பலர். 1938 மார்ச்சில் இட்லரின் படை புகுந்தது. 'யூதருக்கு இடமில்லை' எனப் பலகைகள் தொங்கின. நேற்றுவரை அடுத்த நாற்காலியில் இருந்தவரை மண்டியிடச் செய்து, தெருவைத் தேய்க்க வைத்தனர். சூழ நின்றோர் சிரித்தனர்! ஆஸ்திரிய யூதருள் ஏறத்தாழ 65,000 பேர் கொல்லப்பட்டனர். ஆல்பர்டினா சதுக்கத்தில், தூரிகையோடு மண்டியிட்ட யூதரின் வெண்கல உருவம் 1988 முதல் இருக்கிறது. களைத்த பயணிகள் அதன் முதுகில் அமர்ந்து இளைப்பாறினராம்! பின்னர், முள்கம்பி சுற்ற வேண்டியதாயிற்று.

அங்கிருந்து சில அடிகளில் ஒரு தொத்திறைச்சிக் கடை. இத்தகைய தெருக்கடைகளை 2024இல் அந்நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தனர். இசைநாடகம் முடிந்து பட்டுக் கழுத்துப்பட்டையுடன் வந்தவரும், சாலைவேலை முடித்த தொழிலாளியும் ஒரே பலகையில் முழங்கை ஊன்றி நின்றனர். பாலாடைக்கட்டி உருகும் தொத்திறைச்சி, ஒரு துண்டு ரொட்டி, கடுகு விழுது! நம் தட்டில் விழுது தீர்ந்தது கண்டு, அத்தொழிலாளி தம் தட்டை நம் பக்கம் நகர்த்தினார். பேசப் பொதுமொழி இல்லை. தொட்டு உண்டோம்.