அலமோடோமின் மேல் அடுக்கில்

சான் அன்டோனியோ நகரின் அலமோடோமில் என் இருக்கையைத் தேடி மேலே மேலே ஏறி, கடைசியில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது முதலில் உறைத்தது தூரம். அமெரிக்கக் கால்பந்துக்குப் போதுமான பரந்த தரை. அதன் நடுவில் ஏறத்தாழ மூன்றடி உயரத்துக்கு மேடை கட்டி, மேடைமேல் கூடைப்பந்துக்கான மரப்பலகைக் களம் விரித்திருந்தார்கள். 94 அடி நீளம், 50 அடி அகலம். எந்தக் கல்லூரி அரங்கிலும் இதே அளவுதான். ஆனால் அங்கே அதுதான் அரங்கையே நிறைக்கும். இங்கே சுற்றியிருந்த இருட்டுக்கு நடுவே ஒளிவிடும் ஒரு துண்டாகத் தெரிந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். களத்துக்குப் போக அவர்கள் படியேற வேண்டும்.

கைப்பேசி அதிர்ந்தது. அக்கா மகள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். மாணவர்களுக்கான இடம் கூடைக்குப் பின்னால், களத்தை ஒட்டியே இருக்கிறது.

“மாமா, எந்தப் பக்கம் இருக்கீங்க? எழுந்து கையை ஆட்டுங்க.”

“ஆட்டினாலும் உனக்குத் தெரியாதும்மா. மேட்சைப் பாரு.”

மாணவர்களை அருகில் வைப்பது சரியான முடிவு. இது அவர்களுடைய ஆட்டம். 68 கல்லூரி அணிகள், தோற்றால் அன்றோடு வெளியே, மூன்று வாரம். ‘மார்ச் மேட்னஸ்’ என்று நாடே பெயர் வைத்துக் கொண்டாடும் போட்டி. மிஞ்சும் நான்கு அணிகளும் ஒரே ஊரில் கூடி ஆடும் கடைசிக் கட்டம்தான் ‘ஃபைனல் ஃபோர்’. 2025இல் அது ஏப்ரல் 5ஆம் தேதி சனிக்கிழமையும் 7ஆம் தேதி திங்கட்கிழமையும் நடந்தது. நான்கு வட்டாரங்களிலும் முதல் தரவரிசை பெற்ற ஹூஸ்டன், டியூக், ஃபுளோரிடா, ஆபர்ன் ஆகிய நான்கு அணிகளும் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்திருந்தன. அதற்கு முன் அப்படி அமைந்தது 2008இல். அதுவும் இதே அரங்கில்தான்.

மற்ற மூன்று ஊர்க்காரர்களும் விமானம் பிடித்தார்கள். ஹூஸ்டன்காரர்களான எங்களுக்கு ஐ-10 நெடுஞ்சாலை போதும். ஹூஸ்டனிலிருந்து மேற்கே சுமார் 200 மைல், மூன்று மணி நேரம். ஏப்ரல் தொடக்கம் என்பதால் சாலையோரப் புல்வெளியில் நீல லூபின் பூக்கள் மண்டிக் கிடந்தன. லூலிங்கில் பக்கீஸ் கடையில் நிறுத்தினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்புச் சட்டைகள்தான். முன்பின் தெரியாதவர்கள் மோதிர விரலை மடக்கி, மீதி விரல்களை விரித்துக் காட்டி வாழ்த்திக்கொண்டார்கள். அது கூகர் பாதம். 1950களில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடப் போகும் வழியில், அணியின் சின்னமாக வளர்த்த கூகர் என்ற மலைச்சிங்கத்தின் கால் கூண்டுக் கதவில் நசுங்கி ஒரு விரல் போய்விட்டது. எதிரணி ரசிகர்கள் மடக்கிய விரலைக் காட்டிக் கேலி செய்தார்கள். ஹூஸ்டன்காரர்கள் அந்தக் கேலியையே தங்கள் முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் வேலை பார்த்த ஒரு நூலக ஊழியர். சொல்லும்போதே அவர் விரல் மடங்கியது.

இவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே கூடைப்பந்து ஆடும் வழக்கத்துக்கு வித்திட்டதும் ஹூஸ்டன்தான். 1968 ஜனவரி 20 அன்று, தோல்வியே காணாமல் வந்த யூ.சி.எல்.ஏ. அணியை ஆஸ்ட்ரோடோமில் ஹூஸ்டன் சந்தித்தது. களத்துக்கான பலகைகளை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கொண்டுவந்து பேஸ்பால் மைதானத்தின் நட்டநடுவில் போட்டார்கள். கிட்டத்தில் ஓர் இருக்கைகூட இல்லை. 52,693 பேர் தொலைவிலிருந்தே பார்த்தார்கள். எல்வின் ஹேஸ் 39 புள்ளி எடுக்க, ஹூஸ்டன் 71-69 என்று வென்றது. கல்லூரி ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் வரும், தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பார்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேல் அடுக்கில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அந்த இரவுக்கும் நேரான தொடர்பு உண்டு. 15,000 பேர் கொள்ளும் அரங்கில் ஆடினால் ஆட்டம் இன்னும் அழகாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே என்னைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்காது.

இப்படி முன்னோடியாக இருந்தும் ஹூஸ்டன் ஒருமுறைகூடக் கோப்பையை வென்றதில்லை. ஹக்கீம் ஒலாஜுவானும் கிளைட் டிரெக்ஸ்லரும் சேர்ந்து ஆடிய 1983இல், கடைசி நொடியில் விழுந்த கூடையால் நார்த் கரோலைனா ஸ்டேட்டிடம் 54-52 என்று தோற்றது. மறுவருடம் ஜார்ஜ்டவுனிடம் தோல்வி. ஹூஸ்டனில் அறுபது வயதைத் தாண்டிய ரசிகர் யாரிடம் பேசினாலும் பேச்சு 1983க்கு வந்து நிற்கும்.

சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் ஃபுளோரிடா 79-73 என்று ஆபர்னை வென்றது. இரண்டு அணிக்குமே ஆரஞ்சும் நீலமும்தான் நிறம். மேலிருந்து பார்த்தால் யார் கொண்டாடுகிறார்கள், யார் தலையைக் குனிந்திருக்கிறார்கள் என்று பிரிப்பது கடினமாக இருந்தது. அதன் பிறகு டியூக் வந்தது. நாட்டின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர் கூப்பர் ஃபிளாக் அந்த அணியில். அவரைத் தடுக்க ஹூஸ்டனால் முடியவில்லை. எட்டு நிமிடம் மீதி இருக்கையில் டியூக் 14 புள்ளி முன்னிலை. எனக்கு முன்வரிசையிலிருந்த சிவப்புச் சட்டைக் குடும்பம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று அப்போது நடந்தது. இது பொதுக் களம். எந்த அணிக்கும் இது சொந்த அரங்கு இல்லை. 68,000 பேரில் பாதிக்கு மேல் எங்களுக்கும் வேண்டியவர்கள் அல்ல, டியூக்குக்கும் வேண்டியவர்கள் அல்ல. ஹூஸ்டனின் தடுப்பாட்டம் இறுகத் தொடங்கியது. கடைசிப் பத்து நிமிடத்துக்கும் மேலாக டியூக்கால் களத்திலிருந்து ஒரே ஒரு கூடைதான் போட முடிந்தது. ஒவ்வொரு முறை பந்து ரிங்கில் பட்டுத் திரும்பும்போதும் இரைச்சல் ஒரு பங்கு கூடியது. தங்கள் ஆட்டம் முடிந்துவிட்ட ஆபர்ன்காரர்கள் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் ஃபுளோரிடா சட்டை போட்ட ஒரு பெரியவர், “ஹூஸ் ஹவுஸ்?” என்று எங்கள் மாணவர்கள் கத்தியதும், “கூக்ஸ் ஹவுஸ்!” என்று பதில் கொடுத்தார். யாருக்கும் சொந்தமில்லாத அரங்கு பத்தே நிமிடத்தில் எங்களுடையதாகிவிட்டது. தொலைதூரம் போய் நேரில் பார்ப்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டாம்.

35 நொடி மீதி, 67-61. இம்மானுவேல் ஷார்ப் மூன்று புள்ளி போட்டார். டியூக் பந்தை உள்ளே எறிய, மைலிக் வில்சன் பறித்தார். அவர் எறிந்தது தவற, ஜோசப் டக்லர் பாய்ந்து அதை ரிங்குக்குள் திணித்தார். 67-66. அடுத்து டியூக்குக்கு ஃப்ரீ த்ரோ. முதல் எறிதலைப் போட்டால்தான் இரண்டாவது கிடைக்கும் என்ற நிலை. முதலாவதே தவறியது. ரீபவுண்டுக்குக் குதித்ததில் ஃபிளாக் ஃபவுல் செய்தார். ஆறு வருடமாக ஹூஸ்டன் அணியிலேயே இருந்த ஜே’வான் ராபர்ட்ஸ் கோட்டில் நின்று இரண்டையும் போட்டார். ஃபிளாக்கின் கடைசி எறிதல் தூரம் போதாமல் ரிங்கில் பட்டுத் திரும்பியது. முடிவில் 70-67. முன்வரிசைக் குடும்பத்தின் பை எப்போதோ தரையில் விழுந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை நடைபாதையில் டியூக், ஆபர்ன் சட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. பெட்டியை இழுத்துக்கொண்டு போனவர்களில் பலர் திங்கட்கிழமை டிக்கெட்டை விற்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அரங்கில் அந்த வித்தியாசம் தெரிந்தது. அரங்கு நிறைந்துதான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை எங்களோடு சேர்ந்து கத்தியவர்கள் இல்லை, அல்லது இன்று அவர்கள் ஃபுளோரிடாக்காரர்கள். இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் 12 புள்ளி முன்னிலைக்குப் போனது. அரையிறுதியில் 34 புள்ளி எடுத்த ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எங்கள் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சன் 69 வயதில் கோப்பையைத் தூக்கியிருந்தால், அதை வென்ற மிக மூத்த பயிற்சியாளர் ஆகியிருப்பார். பிறகு முன்னிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசி நிமிடத்தில் ஃபுளோரிடா முந்தியது. 65-63, பந்து எங்களிடம், 19 நொடி.

ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினார். கிளேட்டன் எதிரே பறந்து வந்தார். எறிந்தால் தடுத்துவிடுவார் என்று காற்றிலேயே கண்டுகொண்ட ஷார்ப் பந்தைக் கீழே விட்டார். தானே அதை மீண்டும் தொட்டால் விதிமீறல். பந்து துள்ள, அவர் தொட முடியாமல் நிற்க, ஃபுளோரிடா ஆட்டக்காரர் ஒருவர் அதன்மேல் பாய, நேரம் முடிந்தது. ஓர் எறிதல்கூட இல்லாமல் ஆட்டம் போனது. ஷார்ப் களத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

சிவப்புச் சட்டைக்காரர்கள் பலர் உடனே வெளியேறினார்கள். நான் இருந்தேன். ஏணியில் ஏறி வலையைத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பதையும், ‘ஒன் ஷைனிங் மொமென்ட்’ பாட்டோடு போட்டியின் காட்சிகள் பெரிய திரையில் ஓடுவதையும் பார்த்தேன். வென்றவர்கள் நன்றாக ஆடினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போவதுதான் முறை. சனிக்கிழமை எங்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு இது சந்தோஷ இரவு.

வெளி வாசலில் அக்கா மகள் காத்திருந்தாள். தொண்டை கட்டிப் போயிருந்தது. காரை எடுத்து நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

“நம்ம டீம்ல ராபர்ட்ஸ், கிரையர் ரெண்டு பேருக்கும் இதோட முடிஞ்சுது மாமா. இனி காலேஜ்ல ஆட முடியாது.”

“ஷார்ப்?”

“அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு.”

அடுத்த, 2026 ஃபைனல் ஃபோர் இண்டியானாபொலிஸில் நடப்பதாக இருந்தது. எத்தனை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும் என்று அவள் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினாள்.