பாட்டி காலத்துக் கெம்பு

கைப்பேசித் திரையில் ஒரு கெம்புத் தோட்டைக் கண்டேன். “பாட்டி காலத்தது” என்று விற்பவர் எழுதியிருந்தார். தங்கையின் திருமணத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், அவசரப்படலாகுமோ?

நகை பழையது என்பதால் கல் இயற்கையானது என்றாகிவிடாது. பிரெஞ்சு அறிஞர் வெர்னாய் தீச்சுடரில் செயற்கைக் கெம்பு உருவாக்கும் முறையை 1902-இலேயே வெளியிட்டுவிட்டார். அத்தகைய கல்லினுள் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் காணப்படும். இயற்கைக் கல்லிலோ பட்டிழை போன்ற நுண்ணூசிகள் இருக்கக்கூடும். உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டும் இவற்றை விளம்பரப் படம் காட்டுமா?

பின்புறப் படம் கேட்டேன். அடிப்புறம் மூடியிருந்தது. அத்தகைய நகைகளில் கல்லுக்கடியில் பளபளப்பான தகடு வைத்து நிறத்தைத் தூக்கிக் காட்டுவதுண்டு. கல் நீக்கிய எடை, ஆய்வகச் சான்று, திருப்பித்தரும் உரிமை ஆகியவற்றையும் வினவினேன். எடை மட்டுமே வந்தது. தங்கத்துக்கு மட்டும் விலை தருவதாக எழுதினேன், இன்னும் பதிலில்லை.